தையில் கல்யாணம், மனசில் தயக்கம்: தொடரவா, நிறுத்தவா?

கேள்வி: எனக்கு 27 வயது. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நான்கு வருடம் காதலித்தவரையே இரு வீட்டார் சம்மதத்தோடு ஆவணியில் நிச்சயம் செய்தார்கள். தை கடைசியில் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அவர் சொந்த பிக்கப் வண்டியில் கேரட், பீட்ரூட் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறார். அண்ணனோடு கூட்டாக இரண்டரை ஏக்கர் தேயிலையும் உண்டு. குடி கிடையாது, கை நீட்டியதில்லை. என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி, மழையில் கோயம்புத்தூர் வரை வண்டி ஓட்டியவர் அவர்தான். ஆனால் சண்டை வந்தால் மூன்று நாலு நாள் பேசவே மாட்டார். கேட்டால் 'டவர் இல்லை' என்பார். வண்டிக் கடன் எவ்வளவு என்றால் 'அதெல்லாம் நான் பாத்துக்கறேன்' என்பார். கல்யாணத்துக்குப் பிறகு நைட் டியூட்டி கூடாது என்று அவருடைய அம்மா சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். சில ராத்திரி, இவரோடு வாழ்நாள் முழுக்கவா என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. மறுநாள் அவர் ஃபோன் வந்தால் சந்தோஷமாக இருக்கிறது. 'கல்யாண பயம், எல்லாருக்கும் வரும்' என்கிறார்கள் தோழிகள். 'நாலு வருஷம் சுத்திட்டு இப்ப என்னடி' என்கிறாள் அம்மா. பங்குனியில் அப்பா ரிட்டயர் ஆகிறார், எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் தொடரவா, நிறுத்தவா?

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலுக்குள் போகும் முன் சில கேள்விகள் கேட்டுவிடுகிறேன். கை நீட்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அவரிடம் 'முடியாது' என்று சொல்ல உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? உங்கள் ஃபோனை வாங்கிப் பார்க்கிறாரா, பாஸ்வேர்டு கேட்கிறாரா? விட்டுப் போனால் செத்துப்போவேன் என்றோ, படங்களை வெளியே விடுவேன் என்றோ எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? உங்கள் விருப்பமில்லாமல் உடம்பைத் தொட்டதுண்டா? இவற்றில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் இந்தப் பதிலின் மற்ற பகுதி உங்களுக்குப் பொருந்தாது. யோசித்து முடிவெடுக்கிற நிலை அது இல்லை, பாதுகாப்பாக விலகவேண்டிய நிலை. அப்படியானால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112. கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை என்பதால் மேலே போகிறேன்.

உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் தனித்தனியாக வருகின்றன: பேசாமல் இருப்பது, கடனைச் சொல்லாதது, அம்மா முன்னால் தலை குனிந்தது. எனக்கு இவை மூன்றும் ஒன்றாகவே படுகின்றன. சங்கடமான பேச்சு வரும்போது உங்கள் வருங்காலக் கணவர் ஒதுங்கிக்கொள்கிறார். ஆபத்து என்று வந்தால் ராத்திரியில், மழையில், மலைப்பாதையில் வண்டி எடுக்கிறார். பேச்சு என்று வந்தால் ஆள் காணாமல் போகிறார். காரியத்தில் நம்பலாம், பேச்சில் நம்ப முடியவில்லை. உங்கள் நெஞ்சை அடைப்பது இந்த முரண்தான் என்று நினைக்கிறேன். ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் சுருக்கலாம்: கஷ்டமான விஷயத்தை உட்கார்ந்து பேச இவரால் முடியுமா, முடியாதா? இதைக் கல்யாணத்துக்கு முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இப்போது ஐப்பசி நடுவில் இருக்கிறோம். கார்த்திகை முடிய ஆறு வாரம். அது போதும்.

'எல்லாருக்கும் வரும்' என்று தோழிகள் சொன்னது பாதி உண்மை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் 232 புதுமணத் தம்பதிகளை நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். கல்யாணத்துக்கு முன் தயக்கம் இருந்ததா என்று கேட்டதற்கு ஆண்களில் 47 சதவீதமும் பெண்களில் 38 சதவீதமும் ஆமாம் என்றார்கள். ஆக, தயக்கம் சகஜம்தான். ஆனால் தயங்கிய பெண்களில் 19 சதவீதம் பேர் நான்கு ஆண்டுக்குள் விவாகரத்து ஆனவர்கள். தயங்காத பெண்களில் அது 8 சதவீதம். அமெரிக்கக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த முடியாது, இங்கே மனம் முறிந்த பிறகும் ஒரே வீட்டில் இருப்பவர்கள் அதிகம். இருந்தாலும் இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். பெண்ணுக்கு வரும் தயக்கத்தை வெறும் பயம் என்று தள்ளக் கூடாது. அதே சமயம், தயங்கிய பெண்களில் ஐந்தில் நான்கு பேர் நான்கு ஆண்டு கழித்தும் சேர்ந்தே இருந்தார்கள். தயக்கம் வந்தாலே நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை, அது எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தயக்கம் வரும் ஒவ்வொரு முறையும் நாலே விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, எந்த டியூட்டி, முந்தின 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அதற்கு முன் என்ன நடந்தது. பதினாலு நாள் முடிந்ததும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அவர் ஏதோ ஒன்றைச் செய்த அல்லது செய்யாத பிறகே தயக்கம் வருகிறதென்றால் காரணம் உறவில் இருக்கிறது. நைட் டியூட்டியில் விடிகாலை மூன்று மணிக்கு மட்டும் வந்து, ஏழு மணி நேரம் தூங்கி எழுந்தால் கலைந்துவிடுகிறதென்றால் உடம்பின் களைப்புக்கும் அதில் பங்கு உண்டு. வார்டில் நோயாளிகளுக்கு நீங்களே சொல்வீர்கள், தூக்கம் கெட்டால் எல்லாம் இருட்டாகத் தெரியும். எனவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நைட் முடிந்த நாளில் அவருக்கு நீளமான மெசேஜ் எழுதக் கூடாது, முடிவும் எடுக்கக் கூடாது.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அவர் எதுவும் செய்யவில்லை, ஆனாலும் 'எனக்கு இவர் மேல் உண்மையிலேயே அன்பு இருக்கிறதா' என்று ஒரு நாளில் பலமுறை மனசைச் சோதித்துப் பார்ப்பது. தோழியின் கணவரோடு ஒப்பிடுவது. மறுபடி மறுபடி பிறரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன ஆறுதல் அரை மணி நேரம்கூட நிற்காமல் திரும்பக் கேட்பது. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படிப் போகிறதென்றால் அது எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) ஒரு வடிவமாக இருக்கலாம். ஆளை மாற்றினாலும் அது போகாது. சிகிச்சையில் நன்றாகக் கட்டுப்படும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியும் எடுப்பார்கள். அவரிடம் மட்டுமில்லாமல் சாப்பாடு, வேலை, தோழிகள் என எதிலும் இரண்டு வாரமாகப் பிடிப்பு இல்லையென்றால் மனச்சோர்வுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். கடிதத்தை வைத்துச் சொன்னால் உங்களுடையது இந்த வகை இல்லை. உங்கள் தயக்கத்துக்குக் கை வைத்துக் காட்டக்கூடிய காரணங்கள் இருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தோழிகளிடம் சொல்லியிருக்கிறீர்கள், அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொன்னதாக ஒரு வரி இல்லை. அவர் கடனை மறைக்கிறார், நீங்கள் தயக்கத்தை மறைக்கிறீர்கள். இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. நாலு நாள் பேசாமல் இருப்பவரிடம் மனசைத் திறக்கப் பயம் வருவது இயல்பு. ஆனால் இந்தப் பேச்சை நீங்கள் தொடங்காமல் அவரைப் பற்றிய உண்மை உங்களுக்குத் தெரியப் போவதில்லை. தனியாக ராத்திரி உட்கார்ந்து எவ்வளவு யோசித்தாலும் அவர் என்ன பதில் சொல்வார் என்பது உங்கள் கற்பனைதான்.

எப்படித் தொடங்குவது என்று விவரமாகவே எழுதுகிறேன், பெரும்பாலும் தொடக்கத்திலேயே பேச்சு கெட்டுப்போகிறது. ஃபோனில் வேண்டாம். ஓடுகிற வண்டியில் வேண்டவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் அவர் கண் ரோட்டில் இருக்க வேண்டும், நீங்களும் கோபத்தில் இறங்கிப் போக முடியாது. அவர் வீட்டுத் திண்ணையிலும் வேண்டாம். உங்களுக்கு ஆஃப் உள்ள நாள், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, அவர் லோடு இறக்கித் திரும்பி சாப்பிட்டு ஓய்ந்த பிறகு, குன்னூர் சிம்ஸ் பார்க் பெஞ்ச் மாதிரி நாலு பேர் நடமாடும் ஆனால் காதில் விழாத இடம். முக்கால் மணி நேரம், அதற்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு விஷயம். 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: 'எனக்குக் கொஞ்ச நாளா ஒரு பயம் இருக்கு. உங்களை வேண்டாம்னு சொல்ல வரல. மனசுல வெச்சுட்டு மாலை மாத்திக்க எனக்கு முடியல. மூணு விஷயம் பேசணும், இன்னைக்கு ஒண்ணு மட்டும்.' அவர் 'இப்ப எதுக்கு இதெல்லாம்' என்று சிரித்து மழுப்பலாம், பிரியாணி வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றலாம். சாப்பிடுங்கள், ஆனால் எழுந்து போகும் முன் 'அடுத்த வாரம் எந்த நாள்?' என்று தேதி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

முதல் விஷயமாகக் கடனை எடுங்கள். மூன்றில் இதற்குத்தான் எண்ணாகப் பதில் சொல்ல முடியும், மழுப்பினால் உடனே தெரிந்துவிடும். அவரிடம் கேட்கும் முன் உங்கள் கணக்கை முதலில் வையுங்கள்: சம்பளம், பி.எஃப், நர்ஸிங் படிப்புக் கடன் பாக்கி, கையில் உள்ள நகை, கல்யாணத்துக்குப் பிறகும் அம்மா அப்பாவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கப் போகிறீர்கள் என்பது. கடைசியாகச் சொன்னதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முன் சொல்லாமல் விட்டால் பின்னால் அது 'தெரியாமல் பிறந்த வீட்டுக்குக் கொடுக்கிறாள்' என்று ஆகிவிடும். பிறகு அவரிடம் கேளுங்கள். வண்டி ஃபைனான்ஸ் எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை? ஆர்.சி. யார் பெயரில்? இரண்டரை ஏக்கருக்குப் பட்டா யார் பெயரில், இலைப் பணம் யார் கைக்கு வருகிறது? கைக்கடன், வட்டிக்கு வாங்கியது, எடுத்துவிட்ட சீட்டுக்குக் கட்டவேண்டிய பாக்கி, அடகில் உள்ள நகை? வேறு யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? இன்னொன்றும் உண்டு, கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள்: உங்கள் வீட்டில் போடும் நகையை அடகு வைத்து இந்தக் கடனை அடைக்கும் எண்ணம் யாருக்காவது இருக்கிறதா? அந்த நகை சட்டப்படி உங்கள் சொத்து.

இருவரும் கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் அதில் வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனிக் கடன்தான் தெரியும். மண்டியில் வாங்கிய முன்பணமும் தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்கியதும் தெரியாது. அது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

கணக்குப் போடும்போது நல்ல மாதத்தை வைத்துப் போடாதீர்கள். மார்கழி, தையில் உறைபனி அடித்தால் கொழுந்து வராது, மாசி பங்குனி வரைக்கும் இலை குறைவு. டீ போர்டு மாதாமாதம் அறிவிக்கும் பசுந்தேயிலை விலையும் ஏறி இறங்கும். கேரட் விலை விழுந்தால் லோடும் குறையும். ஆகவே வருஷத்தின் மோசமான மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரிக்கு நானே எண் வைக்கிறேன்: வண்டித் தவணை 16,000. கைக்கடன் 2 லட்சம், இரண்டு வட்டி என்றால் மாதம் 4,000, ஆண்டுக்கு 24 சதவீதம், அசல் அப்படியே நிற்கும். சீட்டு 5,000. மொத்தம் 25,000. டீசல், டயர், ரிப்பேர் போக அந்த மாதம் கையில் நிற்பது 30,000 என்றால் மீதி 5,000. அதாவது வீடு ஓடப்போவது உங்கள் சம்பளத்தில். இந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் நைட் டியூட்டி வேண்டாம் என்ற பேச்சுக்கு முழு அர்த்தம் கிடைக்கும். அவருடைய அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. மகன் உங்களிடம் சொல்லாததை அம்மாவிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

கடன் இருப்பது தப்பில்லை. வண்டி வாங்கித் தொழில் செய்பவருக்குக் கடன் இருக்கத்தான் செய்யும். வெட்கத்தில் மறைக்கிறவர் ஒரு முறை எண்ணைச் சொல்லிவிட்டால் முகமே லேசாகிவிடும், பிறகு தானாகப் பேசுவார். இரண்டு முறை கேட்டும் பாதி எண் சொல்லி, மூன்றாவது முறை வேறொரு கடன் வெளிவந்தால் நிலைமை வேறு. நான் அதிகம் கவலைப்படுவது அப்படிப்பட்டவரைப் பற்றித்தான்.

அடுத்தது மௌனம். இதில் நீங்கள் நியாயமாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரி பக்கத்து ஊர்களில் கரண்ட் போய், அதோடு டவரும் போவது உண்மை. மரம் விழுந்து ரோடு அடைபடுவதும் உண்மை. ஆனால் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினால் டவர் இருக்கிறது. அந்த நாலு நாளில் மண்டிக்காரரோடு விலை பேசியிருக்கிறார் என்றால் உங்களோடு பேச டவர் தடையில்லை.

பேசாமல் போவதிலும் இரண்டு உண்டு. ஒன்று, படபடப்பு தாங்காமல் ஒதுங்குவது. தம்பதிகளின் சண்டையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஜான் காட்மன் சொல்வது: வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகியிருந்தால்தான் உடம்பு அடங்கும். அடுத்த முறை அவர் முகம் இறுகும்போது மணிக்கட்டைப் பிடித்து நாடி பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த வேலைதானே, கோபமும் ஒரு நிமிடம் நிற்கும். மற்றொன்று, நீங்கள் கெஞ்சி இறங்கி வரும்வரை வேண்டுமென்றே பேசாமல் இருப்பது. அது தண்டனை. முதல் வகைக்குப் பழக்கம் மாற வேண்டும், மாறவும் செய்யும். இரண்டாவது வகை கல்யாணத்துக்குப் பிறகு நாலு நாளிலிருந்து நாற்பது நாளாக வளரும்.

எது என்று அறிய ஓர் ஒப்பந்தம் போதும். அமைதியாக இருக்கும் நாளில் பேசி வையுங்கள்: 'கோபம் வந்தா போங்க, நான் பின்னாடி வரமாட்டேன். ஆனா இப்ப முடியல, நாளைக்கு எட்டு மணிக்குப் பேசறேன்னு ஒரு வரி அனுப்பிட்டுப் போங்க.' 24 மணி நேரத்துக்குள் அவரே அழைக்க வேண்டும், விட்ட இடத்திலிருந்து பேச வேண்டும். எதுவும் நடக்காத மாதிரி 'சாப்டியா' என்று தொடங்கினால் அது பேச்சாகாது. உங்கள் பங்குக்கு, அந்த 24 மணி நேரத்தில் நீங்கள் முப்பது மிஸ்டு கால் விடக் கூடாது. ஜவுளி, மண்டபம், சாப்பாடு, யாருக்கு முதல் பத்திரிகை என்று இந்த ஆறு வாரத்தில் சண்டை தானாக வரும், சோதிக்க நீங்கள் ஒன்றும் கிளப்ப வேண்டாம். முதல் முறை இரண்டு நாள் ஆகலாம். இரண்டாவது முறை குறைகிறதா, அந்த ஒரு வரி வருகிறதா, யார் முதலில் திரும்பி வருகிறார்கள் என்று கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் நீங்களேதான் என்றால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

மூன்றாவது, அவருடைய அம்மாவும் நைட் டியூட்டியும். அந்த அம்மா கேட்டதில் பெரிய குற்றம் இல்லை. மருமகள் ராத்திரி வெளியே இருப்பதைப் பற்றிப் பயமோ, ஊர்ப் பேச்சோ இருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது மகனை. அவரிடம் கேளுங்கள்: 'அம்மா மறுபடி கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?' உங்களிடம் சொன்னால் போதாது, இரண்டு வாரத்துக்குள் அவரே தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அதற்காக நீங்கள் போய் நிற்க வேண்டாம், உங்கள் அம்மாவைத் தூது அனுப்பவும் வேண்டாம். அவர் சொல்ல வசதியாக நடைமுறையை நீங்கள் எழுதிக் கொடுங்கள்: மாதம் எத்தனை நைட், எத்தனை மணிக்குக் கடைசி பஸ், மருத்துவமனை வண்டி உண்டா, மழையில் ரோடு அடைபட்டால் ஹாஸ்டலில் தங்க இடம் உண்டா. அதோடு, எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு நர்ஸாகும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். போஸ்டிங் ராமநாதபுரத்தில் விழலாம். அப்போது லோடு வண்டியும் தேயிலையும் மலையில், நீங்கள் கீழே. அதற்கு என்ன செய்வோம் என்று இருவரும் ஒரு பதிலாவது யோசித்திருக்க வேண்டும். குழந்தை எப்போது என்பதையும் இந்தச் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள்.

இவையெல்லாம் பேசினாலும் தீராத வேறுபாடு சில மிஞ்சும். காட்மன் கணக்கில் தம்பதிகளின் சச்சரவில் 69 சதவீதம் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பவை, நன்றாக வாழ்கிறவர்களுக்கும்தான். அதனால் மூன்றுக்கும் முழுத் தீர்வு வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கேட்டால் பதில் வருகிறதா என்பதுதான் வேண்டும்.

அம்மா சொன்ன 'நாலு வருஷம்' உங்களை உறுத்துகிறது என்று புரிகிறது. அந்த நாலு வருஷம் தொடர்ந்தாலும் போயிற்று, நிறுத்தினாலும் போயிற்று. அதன் பயன், அவரைப் பற்றி உங்களுக்கு இவ்வளவு தெரியும் என்பதுதான். மண்டப அட்வான்ஸும் அப்படியே. அப்பாவை அந்த ராத்திரி கோயம்புத்தூர் கொண்டுபோனதை நான் லேசாக எடுக்கவில்லை. நெருக்கடியில் ஓடிவரும் மனுஷன் கிடைப்பது அரிது, தொடர்வதற்கு உங்களிடம் உள்ள காரணங்களில் அது பலமானது. ஆனால் நன்றிக் கடனுக்காக மாலை மாற்றிக்கொண்டால் நாலு நாள் மௌனத்தில் இருக்கும்போது 'அப்பாவைக் காப்பாற்றியவர், நான் எப்படிக் கேட்பது' என்று வாயடைத்துப் போவீர்கள். நன்றி வேறு வழியில் காட்டலாம். 'கல்யாணம் ஆனா சரியாயிடும், குழந்தை பிறந்தா சரியாயிடும்' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பேச வேண்டிய விஷயம் கூடும், பேச நேரம் குறையும். நீங்கள் ராத்திரி வார்டில், அவர் ராத்திரி மலைப்பாதையில்.

லைன் வீடு காலி செய்வதை இந்த முடிவிலிருந்து பிரித்து வையுங்கள். மகளை அனுப்பிவிட்டால் ஒரு கவலை தீரும் என்று பெற்றோர் நினைப்பது இயல்பு, ஆனால் அவர்களுக்கு வீடு வேண்டும் என்ற பிரச்சினை உங்கள் கல்யாணத்தால் தீராது. அப்பாவின் கிராஜுவிட்டி ஆண்டுக்கு 15 நாள் கூலி என்ற கணக்கில் வரும். 30 வருஷ சர்வீஸ் என்றால் 450 நாள் கூலி, ஓய்வு பெற்ற 30 நாளுக்குள் தர வேண்டும். அதையும் பி.எஃப் பணத்தையும் கல்யாணச் செலவில் கரைக்க விடாதீர்கள். இப்போதே கோத்தகிரியில் லீஸுக்கு வீடு விசாரிக்கத் தொடங்குங்கள். அப்பா அம்மாவுக்குக் கூரை உறுதியானால் உங்கள் நெஞ்சு அடைப்பதில் ஒரு பங்கு அன்றே குறையும்.

கார்த்திகைக் கடைசியில் நோட்டை எடுத்து வைத்து உட்காருங்கள். கடன் எண் முழுதாக வந்தது, மௌனம் குறைகிறது, அம்மாவிடம் ஒரு முறையாவது வாய் திறந்தார் என்றால் தயங்காமல் பத்திரிகை அடியுங்கள். மிச்சத் தயக்கம் கூடவே கொஞ்ச நாள் வரும், வரட்டும். ஒன்று நடந்தது, இரண்டு பாதியில் நிற்கிறது என்றால் வைகாசிக்குத் தள்ளுங்கள். தள்ளுவதானால் எந்த வேலை, எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று இருவரும் எழுதி வைத்துத் தள்ள வேண்டும். வெறுமனே 'கொஞ்ச நாள் போகட்டும்' என்று தள்ளினால் ஊர் வாய்க்குத் தீனிதான் மிஞ்சும். மண்டபத்தில் தேதி மாற்றித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்.

மூன்றிலும் கதவு சாத்தியே இருந்தால், கேட்டதற்கே தண்டனை கிடைத்தால், நிறுத்துவதுதான் சரி என்பது என் கருத்து. முதலில் அவரிடம், பகலில், நேரில் சொல்லுங்கள். நம்பகமான அக்காவோ அத்தையோ கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். குறைகளைப் பட்டியல் போட வேண்டாம், 'நான் யோசிச்சு எடுத்த முடிவு' என்பது போதும். அன்றே உங்கள் வீட்டில் சொல்லி, இரு வீட்டுப் பெரியவர்களையும் உட்காரவைத்து, நிச்சயத்தில் வாங்கிய மோதிரம், புடவை, பணம் எல்லாவற்றையும் பட்டியலிட்டுத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஜிபே, இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். முதல் சில மாதம் ஃபோன் தொடர்பு வேண்டாம்.

இந்த ஆறு வாரத்தில் எதற்காகவும் முன்கூட்டியே திருமணத்தை ரிஜிஸ்டர் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். ரேஷன் கார்டு, லோன் என்று காரணம் சொல்வார்கள். நிச்சயதார்த்தம் சட்டப்படி திருமணம் ஆகாது, வேண்டாம் என்றால் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. திருமணம் பதிவாகிவிட்டால் கதை வேறு. இந்து திருமணச் சட்டப்படி முதல் ஓராண்டுக்குள் பொதுவாக விவாகரத்து மனுவே போட முடியாது. பரஸ்பர சம்மதத்தில் பிரியவும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னாலும் அது நீதிபதியின் முடிவு.

ஜவுளி எடுக்கக் கோயம்புத்தூர் போவதையும் பத்திரிகை அச்சுக்குக் கொடுப்பதையும் கார்த்திகைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். வீட்டில் காரணம் கேட்டால், ரோஸ்டர் வரவில்லை, லீவு தெரியவில்லை என்று சொல்லாதீர்கள். 'அவரோடு சில விஷயம் பேசிட்டிருக்கேன், முடிஞ்சதும் சொல்றேன்' என்று அம்மாவிடம் நேராகவே சொல்லுங்கள். அடுத்த ஆஃப் என்றைக்கு என்று பார்த்து, அவருக்கு இன்றே ஒரு மெசேஜ் அனுப்பி நேரம் கேளுங்கள்.

அன்புடன்,
குடும்பநல ஆலோசகர்